சீர் மாத்திரை

"இனிமே இந்தக் கடையில அது கிடையாது. யார் வந்து கேட்டாலும் இல்லைன்னு சொல்லிடு."

ஓட்ஸ் கஞ்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது ஹனோரா இதைச் சொன்னாள். கையில் ஓர் அட்டைப் பெட்டி. வீட்டு முன்பக்கத்து மருந்துக்கடையின் கீழ்த்தட்டில் இருந்த மாத்திரைப் பாக்கெட்டுகளை எல்லாம் அதில் அள்ளிப் போட்டிருந்தாள். மாடிக்குக் கொண்டுபோய்த் தன் அலமாரியில் வைத்துப் பூட்டப் போகிறாள் என்பது அவள் நடந்த வேகத்திலேயே தெரிந்தது.

இமெல்டா கரண்டியை நிறுத்தினாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம், எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பது. கெராட்டி வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிட்டாள். இன்றைக்கு வாய் முந்திக்கொண்டது.

"ஏன் அத்தை? நேத்து சாயங்காலம் வரைக்கும் குடுத்தோமே..."

"நேத்து நேத்து. இன்னிக்கு இன்னிக்கு."

"டாக்டர்கிட்ட சீட்டு எழுதி வாங்கிட்டுத்தானே வர்றாங்க. சட்டப்படி..."

"எனக்குச் சட்டம் சொல்லித் தர வந்துட்டியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே டப்ளின்ல மருந்துப் பரீட்சை பாஸ் பண்ணினவ நான்." ஹனோரா மாடிப்படியில் நின்று திரும்பினாள். "அது கெடக்கட்டும். உனக்கென்ன அதுல இவ்வளவு அக்கறை? உனக்குத்தான் அது தேவையே இல்லையே. கட்டின புருஷனை மூலை ரூமுக்குத் துரத்திட்டு மகாராணி மாதிரி தனியா படுத்துக்கறவதானே நீ? உன் மாமனார் கண்ணை மூடற வரைக்கும் நான் ஒரு நாள் வேற ரூம்ல படுத்ததில்ல. என் பையன் என்ன பாவம் பண்ணான்... சொந்த வீட்டுலயே வாடகைக்கு இருக்கறவன் மாதிரி ஆக்கிட்ட..."

மேஜையில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். நாற்பதை நெருங்கும் பள்ளிக்கூட வாத்தியார் ஃபின்டன். ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே இருந்தான். தடவின இடத்திலேயே மறுபடியும் தடவினான். அவன் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவின் பேச்சு அப்படியே அடங்கிவிடும். அந்த வார்த்தைக்காக இமெல்டா மூன்று வருஷமாகக் காத்திருக்கிறாள். இன்றைக்கும் அது வரவில்லை. அவள் கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றிவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு பிள்ளைகளை எழுப்பப் போனாள்.

அந்த மாத்திரை சமாசாரத்தைச் சொல்லிவிட வேண்டும். எழுபத்தேழாம் வருஷ அயர்லாந்தில் கருத்தடைச் சாமான் எதையும் கடையில் விற்கக் கூடாது. ஆனால் இந்த மாத்திரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கு அதை ஒழுங்காக்கும். அதற்கு மருந்தாக எழுதிக் கொடுத்தால் சட்டம் கண்டுகொள்ளாது. ஆகவே இந்தப் பாலிகோரா ஊருக்குப் புதிதாக வந்த டாக்டர் லாவெல் ஒவ்வொரு சீட்டிலும் ஒரே வரியைத்தான் எழுதுவார், 'மாதம் சீராக வர' என்று. பெண்கள் சீட்டை மடித்து நீட்டுவார்கள். ஹனோரா பிரித்துப் பார்த்துவிட்டு, பழுப்புத் தாளில் பொட்டலம் கட்டித் தருவாள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. சீட்டில் எழுதியிருப்பதைக் கொடுப்பது என் வேலை, அதற்கு மேல் துருவுவது என் வேலையில்லை என்பது ஹனோராவின் கட்சி. ஊரில் பாதிப் பெண்களுக்கு மாதம் சீராக வராமல் போய்விட்டது. தங்களுக்குள் அதற்குச் சீர் மாத்திரை என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அதை எடுத்து எடுத்துக் கொடுத்தவள் இமெல்டா. அவள் ஒருத்திக்கு மட்டும் அது கிடைக்காது.

மூன்றாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஃபாதரை வரவழைத்து, சாகப் போகிறவர்களுக்குப் பூசும் கடைசி எண்ணெயும் பூசி, ஜெபம்கூடச் சொல்லியாகிவிட்டது. எப்படியோ பிழைத்தாள். இன்னொன்று என்றால் ஆளை உயிரோடு வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது என்று பெரிய டாக்டர் ஃபின்டனிடம் சொன்னார். அவன் ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து அழுதான். வீட்டுக்கு வந்த வாரமே தன் தலையணையை எடுத்துக்கொண்டு மூலை அறைக்குப் போய்விட்டான். இமெல்டா அவனைத் துரத்தவில்லை, அவனாகத்தான் போனான். பயம். பக்கத்தில் படுத்தால் அவளைக் கொன்றுவிடுவோமோ என்ற பயம். "அம்மாகிட்ட இதையெல்லாம் பேச முடியாது இமெல்டா. குழந்தை அழுது தூங்க முடியலன்னு சொல்லிடறேன்" என்றான். குழந்தை அழுகையை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. ஹனோரா தன் போக்கில் ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டாள். மருமகள் அதை மறுக்கவில்லை. புருஷனின் பயத்தை மாமியாரிடம் போட்டு உடைப்பதைவிடத் தான் பொல்லாதவளாக இருந்துவிட்டுப் போவது மேல் என்று நினைத்தாள். மாமியாரின் கவுண்டரில் போய்த் தன் பெயரில் ஒரு சீட்டை நீட்டவும் முடியவில்லை. நீட்டினால் அடுத்த கேள்வி மூலை அறையில் போய் நிற்குமே. ஒரு பாக்கெட்டைத் திருடியிருக்கலாம். திருடுவது அவள் ரத்தத்தில் இல்லை.

ஆனால் அன்று முழுவதும் அவளைக் குடைந்தது வேறொன்று. ஹனோரா ஏன் நிறுத்தினாள்? யாருக்கும் பயப்படுகிற ஆள் இல்லை அவள். ஒருமுறை பிஷப்பின் தங்கையையே வரிசையில் நிற்கச் சொன்னவள். அப்படிப்பட்டவள் ஒரே ராத்திரியில் எதற்கு மாறினாள்?

புதன்கிழமை மதியத்தோடு ஊர்க் கடைகள் மூடும். இமெல்டா கோட்டைக் கழற்றிவிட்டு நேராகக் கசாப்புக் கடைக்காரர் வீட்டுக்குப் போனாள். கடைக்காரர் மனைவி அட்ராக்டாவின் சமையலறையில் எட்டுப் பத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். டீ, திராட்சை போட்ட ரொட்டி, சிகரெட் புகை. அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது.

"வாம்மா மருந்துக்கடை மருமகளே" என்றாள் அட்ராக்டா. ஏழு பெற்றவள், குரல் கடைத்தெரு வரை கேட்கும். "வேவு பாக்க அனுப்பிச்சாங்களா?"

"யாரும் அனுப்பல. அத்தை ஏன் நிறுத்தினாங்கன்னு தெரிஞ்சுக்க வந்தேன்."

"உனக்குத் தெரியாதா? புது ஃபாதர் டூஹி உன் மாமியாரைக் கேட்டாராம், இந்தக் கோயில் பங்குல மட்டும் ஏன் இத்தனை பேருக்கு மாசம் சீரா வரலன்னு."

"அதுக்கெல்லாம் அத்தை மசிய மாட்டாங்களே."

"முழுசாக் கேளு." அட்ராக்டா சிகரெட்டைத் தட்டினாள். "உங்க வீட்டுல ஒரு மருமக இருக்காளே, அவளுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கா? தனியாப் படுத்துக்கறான்னு நீங்களே புலம்பினீங்களே, அவ எவ்வளவு கட்டுப்பாடா இருக்கான்னாராம். உங்க வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமான்னு கேட்டாராம். அதோட விட்டாரா? பாவத்தை அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா எங்களுக்கும் அதே பாட்டு. போன வாரம் என்கிட்ட, கெராட்டி வீட்டு மருமகளைப் பாத்துக் கத்துக்கோ அட்ராக்டாங்கறார். நீ எங்களுக்கெல்லாம் முன்மாதிரியாம்டி."

இமெல்டாவுக்குக் காது சுட்டது. மூன்று வருஷமாகத் தான் வாயை மூடிக்கொண்டிருந்தது தன் வீட்டு மானத்துக்காக என்று நினைத்திருந்தாள். அந்த மௌனத்தையே எடுத்து ஒருவர் ஊர்ப் பெண்களை அடித்துக்கொண்டிருக்கிறார். இந்தச் சமையலறையில் அடுத்த மாதத்துக்கு மாத்திரை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவர்களில் யாராவது ஒருத்தி, தன்னைப் போல ஆஸ்பத்திரிக் கட்டிலில் எண்ணெய் பூசப்பட்டுக் கிடந்தால்...

"என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். அட்டை பிடித்து ஊர்வலம் போகலாம் என்றாள் ஒருத்தி. கால்வே நகரத்துக்கு பஸ் பிடித்துப் போய் வாங்கலாம் என்றாள் இன்னொருத்தி. பஸ்ஸிலே போகிறவள் எல்லாம் எதற்குப் போகிறாள் என்று ஊர் கேட்குமே என்றாள் மூன்றாமவள்.

இமெல்டா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கறேன். அந்தச் சீட்டுல எழுதியிருக்கறதை யாராவது வாயால சொல்லியிருக்கீங்களா? சத்தமா?"

"எதை? மாசம் சீரா..." ஒருத்தி ஆரம்பித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதான். யாரும் சொன்னதில்ல. மடிச்சு நீட்டறோம், மடிச்சு வாங்கறோம். மூடி மூடி வெச்சதாலதானே ஒரு கேள்வியில நின்னுபோச்சு? சனிக்கிழமை ஆட்டுச் சந்தை. கடை நிறைய ஆம்பளைங்க நிப்பாங்க. அப்பப் போய் ஒவ்வொருத்தியா வாய்விட்டுச் சொன்னா என்ன ஆகும்? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

அட்ராக்டா சிரிக்க ஆரம்பித்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த மதியம் முழுவதும் அவர்கள் அந்த வாக்கியத்தைப் பழகினார்கள். முதலில் யாருக்கும் நாக்கு எழவில்லை. ரொட்டி தீர்ந்தபோது எல்லாரும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. ஃபின்டன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேரே பின்முற்றத்துக்கு வந்தான். இமெல்டா துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ போகலதானே நாளைக்கு? சொல்லு இமெல்டா. ஃபாதர் டூஹிதான் பள்ளிக்கூட மேனேஜர். தலைமை வாத்தியார் போஸ்ட் இந்த மாசம் முடிவாகுது."

"தெரியும்."

"தெரிஞ்சும் போறியா? பதினாலு வருஷமா அந்த நாற்காலிக்காகக் காத்திருக்கேன்..."

"நான் மூணு வருஷமாக் காத்திருக்கேன் ஃபின்டன்." அவள் கொடியை விட்டுத் திரும்பினாள். "உங்கம்மா தினம் தினம் என்னைக் குத்தறாங்க. நீ பக்கத்துலதான் உக்காந்திருக்க. நானாத்தான் போனேம்மான்னு ஒரு வார்த்தை... அது ஏன் உன் வாயில வரல? என்மேல கோபமா? வெறுத்துட்டியா? எனக்குத் தெரிஞ்சா போதும்."

"வெறுப்பா?" அவன் கண் கலங்கியது. "உன்னைப் பக்கத்துல பாத்தாலே அந்த ஆஸ்பத்திரிப் படுக்கைதான் ஞாபகம் வருது. அதை எப்படிச் சொல்றது? சொன்னா அழுதுடுவேன். அம்மா முன்னாடி..."

"அழேன். அதனால என்ன?" என்றாள். அவன் உள்ளே போய்விட்டான். கையிலிருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

சனிக்கிழமை கடையில் கால் வைக்க இடமில்லை. ஆட்டுக்குப் பூச்சி மருந்து, காலுக்குத் தைலம் என்று சேற்று பூட்ஸோடு விவசாயிகள் நின்றார்கள். ஹனோரா கவுண்டரில். பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு இமெல்டா. கதவு மணி அடித்தது. அட்ராக்டா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கெராட்டியம்மா, எனக்கு மாசம் சீரா வரல. அதுக்கு மாத்திரை குடுங்க."

பூச்சி மருந்துப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் அதை இன்னும் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

ஹனோராவின் முகம் சிவந்தது. "ஸ்டாக் இல்ல."

"பரவால்ல, நிக்கறேன்" என்று ஓரமாக நகர்ந்தாள் அட்ராக்டா. அடுத்தவள் வந்தாள். "எனக்கும் மாசம் சீரா வரல." "இல்ல." அவளும் ஓரமாக நின்றாள். மூன்றாமவள் தபால் ஆபீஸ்காரி. நாலாமவள் புதன்கிழமை வாயைப் பொத்திக்கொண்டவள், இன்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். ஆண்கள் வெளியே போகலாமா என்று பார்த்தார்கள். வாசல் வரைக்கும் பெண்கள் வரிசை, போக வழியில்லை. கடைசியில் ஒரு விவசாயி, "குடுத்துடேன் ஹனோரா, மழை வேற வரும்போல இருக்கு" என்று கெஞ்சினான்.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஃபாதர் டூஹி அந்த வரிசையை விலக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் வாசலில், மூச்சிரைக்க ஃபின்டன்.

"என்ன கூத்து இது?" என்றார் ஃபாதர். "வெக்கமா இல்ல உங்களுக்கு? இதோ, இந்த வீட்டுலயே ஒரு பொண்ணு இருக்கா. இவளைப் பாத்தாவது..."

இமெல்டா வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். மடித்துக் கவுண்டர்மேல் வைத்தாள். கவுண்டரின் மடிப்புப் பலகையைத் தூக்கிவிட்டு இந்தப் பக்கம் வந்து, மாமியாருக்கு எதிரே நின்றாள்.

"எனக்கும் மாசம் சீரா வரல அத்தை."

ஹனோரா கவுண்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "உனக்கா? ஊர் முன்னாடி என்னை அவமானப்படுத்தணும்னு நெனைச்சிட்டியா? புருஷனையே கிட்ட சேக்காதவளுக்கு இது எதுக்குடி?"

அப்போதும் இமெல்டா புருஷனைக் காட்டிக்கொடுக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிய அப்படியே நின்றாள்.

"அம்மா." வாசலிலிருந்து குரல் வந்தது. ஃபின்டன் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான். "அவ துரத்தல. மூலை ரூமுக்கு நானாத்தான் போனேன். இன்னொரு பிரசவம்னா செத்துடுவான்னு டாக்டர் சொன்னார்மா... எனக்குப் பயம். அவ செத்துடுவாளோன்னு பயம். உன்கிட்ட சொல்லத் தைரியம் இல்லாம அவளைப் பேச்சு வாங்க விட்டுட்டேன்..." அதற்குமேல் முடியவில்லை. சந்தைக்கு வந்த அத்தனை ஆண்கள் நடுவில் வாய்விட்டு அழுதான். தலைமை வாத்தியார் நாற்காலி அந்த நிமிஷமே போய்விட்டது என்பது அவனுக்கும் தெரிந்தது, ஃபாதருக்கும் தெரிந்தது.

ஹனோரா கவுண்டரிலிருந்து கையை எடுத்தாள். மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். பிறகு பலகையைத் தூக்கிவிட்டு மெதுவாக வெளியே வந்தாள். வரிசையை ஒட்டி வாசல் வரை நடந்து, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஹனோரா, அங்க எதுக்கு நிக்கறீங்க?" என்றார் ஃபாதர்.

"வரிசையில நிக்கறேன் ஃபாதர். எனக்கும் மாசம் சீரா வரல."

"உங்களுக்கு அறுபத்தெட்டு வயசு."

"அதான் ஃபாதர். ரொம்ப வருஷமாத் தவறிப்போச்சு. என்னன்னு பாக்கணும்."

முதலில் சிரித்தது பூச்சி மருந்துக் கிழவர். பிறகு அட்ராக்டா. பிறகு கடை முழுக்கச் சிரிப்பு. ஃபாதர் டூஹி ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்ல இடம் கிடைக்கவில்லை. அவர் வெளியே போனபோது வரிசை மரியாதையாக வழிவிட்டது.

ஹனோரா சாவியை அட்ராக்டாவின் கையில் வைத்தாள். "மாடியில என் அலமாரி. பெட்டியை அப்படியே கொண்டா. சீட்டு இருக்கறவங்களுக்கு நான் குடுக்கறேன், கேக்கறதுக்கு எவனும் கிடையாது." அதைச் சொல்லும்வரை குரல் பழைய குரல்தான். இமெல்டாவின் எதிரே வந்து நின்றதும் அது உடைந்தது.

"மூணு வருஷம்... வாயில வந்ததெல்லாம் பேசினேனே. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு நின்னியே. அத்தை, விஷயம் இதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி? நானும் ஆறு பெத்தவதானே? ஒவ்வொரு மாசமும் காலண்டரைப் பாத்துப் பாத்துச் செத்தவதானே? எனக்குப் புரியாதா?"

"நீங்க கேக்கலையே அத்தை." இமெல்டா விசும்பினாள். "திட்டினீங்க, குத்திக் காட்டினீங்க. ஏன்னு மட்டும் ஒரு நாளும் கேக்கல."

ஹனோரா இரண்டு கையாலும் மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். எந்த மருமகளையும் அந்த ஊரில் எந்த மாமியாரும் கடை நடுவில் அப்படி அணைத்ததில்லை. விவசாயிகள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஹனோரா ஏப்ரன் நுனியால் முதலில் அவள் முகத்தையும், அப்புறம் தன் முகத்தையும் துடைத்தாள். மூலையில் இருந்த நாற்காலியை இழுத்து இமெல்டாவை அதில் உட்கார வைத்தாள். சந்தை நாள், கடை நிறைய ஆள், யாருக்கும் இன்னும் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் கண்டுகொள்ளவில்லை.

"இப்பக் கேக்கறேன்" என்றாள். "அந்த ஆஸ்பத்திரியில உனக்கு என்னம்மா ஆச்சு? மொதல்லேருந்து சொல்லு."

இமெல்டா சொன்னாள். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவர்கூட நகராமல் கேட்டார்கள்.